புளியங்கொட்டை வைத்த இடம்

வியன்னா,
டிசம்பர் 8

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி இப்போது பரவாயில்லையா? அம்மா அனுப்பிய இட்லிப்பொடி வந்து சேர்ந்தது. இங்கே மாலை 4 மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. சரி, ஞாயிற்றுக்கிழமை ஆடிய சதுரங்க ஆட்டத்தைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

கிளப் போட்டி. ஆளுக்கு 90 நிமிடம், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 30 வினாடி கூடுதல். எனக்குக் கறுப்புக் காய். எதிரே எழுபது வயதிருக்கும் ஒரு பெரியவர். அவர் ராஜா முன்னாலிருந்த சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினார். நான் யோசிக்கவே இல்லை, என் சிப்பாயை சி6 கட்டத்துக்குத் தள்ளினேன். நீங்கள் சொல்லிக்கொடுத்த காரோ-கான் தடுப்பாட்டம். சிம்மக்கல் வீட்டுத் திண்ணையில் அந்தச் சிப்பாய் தொலைந்துபோய்ப் புளியங்கொட்டை வைத்து ஆடுவோமே, விரலில் அந்த வழவழப்புதான் தெரிந்தது.

அந்தப் பெயரில் வரும் கான் இந்த ஊர்க்காரர்தான் அப்பா! அவரும் காரோவும் 1886-இல் இந்தத் தடுப்பை அலசி எழுதினார்கள். அதற்கு முந்தைய வருடம் ஹாம்பர்க்கில் கான் இதை வைத்தே மீசஸ் என்ற ஜெர்மன் ஆட்டக்காரரை 24 நகர்த்தலில் ஜெயித்திருக்கிறார்.

"பிஷப்பை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தாதே" என்பீர்கள். நாலாவது நகர்த்தலிலேயே அதை எஃப்5-க்குக் கொண்டுவந்தேன், அப்புறம்தான் அதன் வழியை அடைக்கும் சிப்பாயை இ6-க்குத் தள்ளினேன். பெரியவர் ஓரச் சிப்பாயை ஹெச்5 வரை ஓட்டி என் பிஷப்பை விரட்டினார். பார்ப்பவர்களுக்கு நான் நெருக்கடியில் இருப்பதாகத்தான் தோன்றியிருக்கும். ஆனால் அவ்வளவு தூரம் வந்த சிப்பாய்க்குக் கடைசியில் காவல் வேண்டும் என்று நீங்கள் காட்டியது நினைவிருந்தது. ராணிகளும் யானைகளும் வெட்டுப்பட்ட பிறகு என் குதிரை எஃப்6-இலிருந்து அதையே குறிவைத்தது. அவருடைய குதிரை ஜி3-ஐ விட்டு அசைய முடியவில்லை. அவர் ராஜா மறுபக்கம் என் சிப்பாய்களைத் தடுத்துக்கொண்டிருந்தது. 47-ஆவது நகர்த்தலில் வேறு வழியில்லாமல் குதிரையை நகர்த்தினார், ஹெச்5 விழுந்தது. 58-இல் தோல்வியை ஒப்புக்கொண்டு கை கொடுத்தார்.

அப்புறமும் அவர் எழுந்து போகவில்லை. காய்களைத் திரும்ப அடுக்கி ஒரு மணி நேரம் என்னோடு அலசினார். ஜெர்மனில் யானையை 'டுர்ம்' என்கிறார்கள், கோபுரம் என்று அர்த்தம். அவர் அதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு நம் மீனாட்சி கோயில் தெற்குக் கோபுரம் கண்ணில் வந்து நின்றது.

நகர்த்தல்களைத் தனித்தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். நம் பலகையிலேயே ஆடிப் பாருங்கள். 23-ஆவதில் குதிரையைத் தப்பான பக்கம் கொண்டுபோனேனோ என்று சந்தேகம். உங்களுக்கு என்ன படுகிறது என்று எழுதுங்கள்.

அன்பு மகள்