நாற்காலி இருக்கிறது, உட்காரத்தான் முடியவில்லை

ஆசிரியருக்கு,

கடை ஊழியர்களின் வேலைநிலை குறித்த தங்கள் தலையங்கம் படித்தேன். ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 1947-ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் தமிழக அரசு 2021-இல் திருத்தம் கொண்டுவந்தது. கேரளம் 2018-லேயே செய்துவிட்டது. சரி, நாற்காலி வந்ததா? வந்தது. நான் சேலைப் பிரிவில் நின்ற ஜவுளிக்கடையில் ஒரு முக்காலி போட்டார்கள். மறுவாரமே அதன்மேல் அட்டைப்பெட்டிகள் ஏறிவிட்டன. ஆளில்லாத மதிய நேரத்தில் உட்கார்ந்தாலும் மேற்பார்வையாளரின் ஒரு பார்வை போதும், எழுந்துவிடுவோம். இரவு வீட்டுக்குப் போனால் கால் வீங்கி, செருப்பு வார் பதிந்திருக்கும்.

முதலாளியிடம் கேட்டு எழுதிக்கொண்டு போகும் ஆய்வால் பயனில்லை. தொழிலாளர் துறை ஆய்வாளர்கள் சொல்லாமல் வந்து ஊழியர்களைத் தனியாக விசாரிக்க வேண்டும். புகார் எண்ணை பில் போடும் இடத்தில், வாடிக்கையாளர் கண்ணில் படும்படி ஒட்டச் சொல்லலாம்.

– முன்னாள் கடை ஊழியர், ஈரோடு