செயின்ட் ஜேக்கப்ஸ் பயணம்: இந்த முறை பெற்றோர்களும் வாருங்கள்

அன்பான பெற்றோர்களுக்கு,

வணக்கம். செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமை நம் தமிழ்ப் பள்ளியில் வழக்கமான வகுப்புகள் கிடையாது. நான்காம் வகுப்பிலிருந்து மேலே படிக்கும் பிள்ளைகளை அன்று ஒன்டாரியோவில் வாட்டர்லூ பக்கத்தில் இருக்கும் செயின்ட் ஜேக்கப்ஸுக்கு அழைத்துப் போகிறோம். அனுமதிப் படிவம் இந்தக் கடிதத்தோடு இருக்கிறது. வழக்கமாகப் பிள்ளையை பஸ்ஸில் ஏற்றிவிட்டு நீங்கள் வீட்டுக்குப் போய்விடுவீர்கள், சனிக்கிழமை வேலைகள் உங்களுக்கு எவ்வளவு இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் இந்த முறை ஒவ்வொரு குடும்பத்திலிருந்தும் ஒருவராவது வர வேண்டும் என்று கேட்கிறேன். அம்மா, அப்பா, தாத்தா, பாட்டி, யார் வந்தாலும் சந்தோஷம். ஏன் கேட்கிறேன் என்பதைச் சொல்லத்தான் கடிதம் கொஞ்சம் நீளமாகப் போகிறது.

செயின்ட் ஜேக்கப்ஸ் சின்ன ஊர். கனெஸ்டோகோ ஆற்றங்கரையில் ஒரு பழைய மாவு ஆலை, ஒரு கடைத்தெரு, அதைத் தாண்டினால் சோளமும் புல்லும் விளையும் வயல்கள். நம்மில் பலருக்குத் தெரிந்த ஹோம் ஹார்ட்வேர் கடைகளின் தலைமையகம் டொரொண்டோவில் இல்லை, இந்த ஊரில்தான் இருக்கிறது. இங்கே ஒரு சாதாரண ஹார்ட்வேர் கடையில் வேலைக்குச் சேர்ந்த வால்டர் ஹாக்போர்ன் என்பவர், 1964இல் சின்னச் சின்னக் கடைக்காரர்களைச் சேர்த்துக்கொண்டு அதைத் தொடங்கினார். ஊருக்குச் சற்றுத் தெற்கே பெரிய உழவர் சந்தை ஒன்று இருக்கிறது, வியாழனும் சனியும் கூடும். அதன் முக்கியக் கட்டடம் 2013 செப்டம்பரில் தீப்பிடித்து எரிந்து போனது, 2015இல் மறுபடி கட்டி எழுப்பினார்கள். அந்தச் சந்தையில் கறுப்புத் தொப்பியும் தோள்பட்டியும் போட்ட ஆண்களையும், நீளமான பூப்போட்ட கவுனும் தலைக்குல்லாவும் அணிந்த பெண்களையும் பிள்ளைகள் பார்ப்பார்கள். வெளியே அவர்களுடைய குதிரை வண்டிகள் நிற்கும். பார்த்தவுடனே "ஆமிஷ், ஆமிஷ்" என்று பிள்ளைகள் சொல்வார்கள். ஆமிஷ் என்பது மென்னோனைட் என்ற கிறிஸ்தவப் பிரிவிலிருந்து 1693 வாக்கில் பிரிந்துபோன கிளை. இங்கே நாம் பார்க்கப்போவது மென்னோனைட்டுகளை, அதிலும் ஓல்ட் ஆர்டர் என்று சொல்லப்படும் பழைய முறைக்காரர்களை. பஸ்ஸில் ஏறுவதற்கு முன்பே இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள்.

இவர்கள் யார் என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், பிள்ளைகள் கேட்டால் பதில் சொல்ல உதவும். 1525 ஜனவரியில் சூரிக் நகரில் சிலர் கூடி, ஞானஸ்நானம் என்பது விவரம் தெரிந்தபின் ஒருவர் தானே முடிவெடுத்துப் பெற வேண்டியது, கைக்குழந்தைக்குக் கொடுப்பது சரியில்லை என்று சொல்லி, ஒருவருக்கொருவர் ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டார்கள். இன்றைக்கு இது நமக்குப் பெரிய விஷயமாகத் தெரியாது. அன்றைக்கு அது அரசுக்கும் சபைக்கும் எதிரான குற்றம். அவர்களில் ஒருவரான ஃபெலிக்ஸ் மான்ட்ஸை 1527இல் அதே ஊரின் லிம்மாத் ஆற்றில் மூழ்கடித்துக் கொன்றார்கள். பிற்பாடு நெதர்லாந்தில் மென்னோ சைமன்ஸ் என்ற பாதிரியார் 1536இல் கத்தோலிக்க சபையை விட்டு இவர்களோடு சேர்ந்தார், அவர் பெயரால்தான் மென்னோனைட் என்று அழைக்கப்படுகிறார்கள். ஆயுதம் எடுக்கக் கூடாது, எதிரியையும் அடிக்கக் கூடாது என்பது இவர்களுடைய உறுதியான கொள்கை.

பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு டிர்க் வில்லம்ஸின் கதையை நானே பஸ்ஸில் சொல்லப் போகிறேன். 1569, நெதர்லாந்தில் ஆஸ்பெரன் என்ற ஊர். இதே விசுவாசத்துக்காக அடைபட்ட சிறையிலிருந்து தப்பித்து, டிர்க் உறைந்த நீரின் மேல் ஓடினார். துரத்தி வந்தவன் பனி உடைந்து உள்ளே விழுந்துவிட்டான். டிர்க் திரும்பி வந்து அவனைத் தூக்கி எடுத்தார். காப்பாற்றியதால் பிடிபட்டார், அந்த ஆண்டே அவரை எரித்துக் கொன்றார்கள். மென்னோனைட் வீடுகளில் இன்றைக்கும் பிள்ளைகளுக்குச் சொல்லப்படும் கதை இது. சின்னப் பிள்ளைகளுக்கு முடிவைச் சொல்ல வேண்டுமா என்பதை உங்களிடமே விடுகிறேன்.

துன்புறுத்தல் தாங்காமல் சுவிட்சர்லாந்திலிருந்தும் தெற்கு ஜெர்மனியிலிருந்தும் பல குடும்பங்கள் கடல் தாண்டிப் பென்சில்வேனியா போனார்கள். அமெரிக்கப் புரட்சிக்குப் பிறகு அங்கிருந்து சிலர் வண்டி கட்டிக்கொண்டு வடக்கே கிளம்பினார்கள். மேல் கனடாவின், அதாவது இன்றைய ஒன்டாரியோவின், 1793ஆம் ஆண்டு மிலிஷியா சட்டம், ஆண்டுதோறும் ஒரு தொகை கட்டினால் படையில் சேராமல் இருக்க இவர்களுக்கு இடம் கொடுத்தது. 1800இல் முதல் குடும்பங்கள் கிராண்ட் ஆற்றங்கரைக்கு வந்து நிலம் வாங்கின. வாங்கிய பிறகுதான் அந்த நிலம் ஏற்கனவே அடமானத்தில் இருந்தது தெரிய வந்தது. சிலர் திரும்பப் பென்சில்வேனியாவுக்குப் போய்ச் சொந்தக்காரர்களிடம் கேட்டார்கள், அவர்கள் பணத்தைத் திரட்டி வெள்ளி நாணயங்களாக வண்டியில் ஏற்றி அனுப்பினார்கள். 1805இல் 60,000 ஏக்கர் அவர்கள் கைக்கு வந்தது. ஊர்விட்டு ஊர் வந்தவர்கள் பணத்துக்குச் சொந்தபந்தத்திடம் போய் நின்ற கதை நம் வீடுகளிலும் நிறைய இருக்கிறது, அதனால் இதைப் பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்லத் தேவையே இருக்காது.

ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த நிலம் யாரும் இல்லாத காடு கிடையாது. கிராண்ட் ஆற்றின் இரு கரையிலும் ஆறு மைல் அகலத்துக்கு ஆறு தேச மக்கள் எனப்படும் பூர்வகுடிகளுக்கு என்று 1784இல் ஹால்டிமண்ட் பிரகடனத்தில் எழுதிக் கொடுத்த நிலத்தின் ஒரு பகுதி அது. அந்த வாக்குறுதி பற்றிய வழக்கும் வாதமும் இன்னும் முடியவில்லை. பயணத்துக்கு முந்தைய வார வகுப்பில் ஆசிரியர்கள் இதைப் படத்தோடு விளக்குவார்கள்.

சரி, நான் ஏன் உங்களை வரச் சொல்கிறேன் என்ற இடத்துக்கு வருகிறேன்.

ஓல்ட் ஆர்டர் குடும்பங்கள் வீட்டில் பேசுவது பென்சில்வேனியா ஜெர்மன். முன்னோர்கள் கடல் தாண்டி 300 ஆண்டுகள் ஆகப் போகின்றன, அந்தப் பேச்சு இன்னும் அவர்களிடம் உயிரோடு இருக்கிறது. அது பெரும்பாலும் எழுதப்படாத மொழி. அவர்களுடைய பள்ளிகளில் பாடம் நடப்பது ஆங்கிலத்தில், சபையில் வாசிப்பது வேறு, பைபிளின் பழைய ஜெர்மன். பென்சில்வேனியா ஜெர்மனுக்குப் பாடப் புத்தகம் கிடையாது, தேர்வு கிடையாது, சான்றிதழ் கிடையாது, நம்மைப்போல் சனிக்கிழமை பள்ளியும் கிடையாது. அம்மா அடுப்படியில் பேசுகிறாள், அப்பா மாட்டுத் தொழுவத்தில் பேசுகிறார். பண்ணை வீட்டோடு ஒட்டியே முதியவர்களுக்கு என்று ஒரு சின்ன வீடு கட்டியிருப்பார்கள், பேரப்பிள்ளைகள் நாள் முழுவதும் அங்கே போய் வந்துகொண்டிருப்பார்கள், அங்கேயும் அதே பேச்சுதான். ஆறு வயதில் பள்ளிக்குப் போகும்போது பல பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சரியாக வராது. பள்ளியில் கற்றுக்கொள்கிறார்கள், நன்றாகவே கற்றுக்கொள்கிறார்கள். சந்தையில் அவர்கள் உங்களிடம் பேசுவதும் ஆங்கிலம்தான்.

நம் பள்ளியில் வாரத்துக்கு இரண்டரை மணி நேரம் பாடம் நடத்துகிறோம். எங்கள் ஆசிரியர்கள் உயிரைக் கொடுத்து வேலை செய்கிறார்கள், அதைச் சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை. ஆனால் காரில் ஏறியவுடன் பிள்ளையிடம் "ஹவ் வாஸ் கிளாஸ்?" என்று கேட்டால், அந்த இரண்டரை மணி நேரம் பள்ளி வாசலிலேயே நின்றுவிடுகிறது. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. இரண்டு வேலை பார்த்துவிட்டு வரும் அம்மாவுக்குப் பிள்ளைக்கு எது சீக்கிரம் புரியுமோ அதில் பேசத்தான் தோன்றும். ஆனாலும் ஒரு மொழி பள்ளியின் துணையே இல்லாமல் வீட்டுப் பேச்சாலேயே இத்தனை தலைமுறை நின்றிருக்கிறது என்பதை நீங்கள் நேரில் பார்க்க வேண்டும். சந்தையில் காய்கறிக் கடைக்குப் பின்னால் ஓர் அம்மாவும் மகளும் தங்களுக்குள் பேசிக்கொள்வது காதில் விழும். உங்களுக்கும் எனக்கும் ஒரு வார்த்தை புரியாது, பரவாயில்லை, கேளுங்கள்.

அவர்கள் வாழ்க்கையில் எல்லாமே எனக்குச் சம்மதம் என்று நினைத்துவிட வேண்டாம். ஓல்ட் ஆர்டர் பிள்ளைகள் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திப் பண்ணை வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போய்விடுகிறார்கள். ஓர் ஆசிரியையாக எனக்கு அது வருத்தம்தான், குறிப்பாகப் பெண் பிள்ளைகளை நினைத்து. பிள்ளைகள் இதைப் பற்றிக் கேட்டால் மழுப்பாமல் பேசுங்கள். அதே நேரம் அவர்கள் எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு ஒதுக்குகிறவர்களும் கிடையாது. பல வீடுகளில் மின்சாரம் உண்டு, தொலைபேசி உண்டு, வயலில் டிராக்டர் ஓட்டுகிறார்கள். கார், தொலைக்காட்சி, கணினி வேண்டாம் என்கிறார்கள். புதிதாக ஒரு பொருள் வந்தால் அது குடும்பத்தையும் சபையையும் சேர்த்து வைக்குமா, பிரிக்குமா என்று கூடிப் பேசித்தான் முடிவெடுக்கிறார்கள். நம் வீடுகளில் பத்து வயதுப் பிள்ளைக்கு போன் வாங்கிக் கொடுப்பதற்கு முன் அந்தப் பேச்சு ஒரு மாலையாவது நடக்கிறதா என்று யோசித்துப் பாருங்கள்.

எல்லா மென்னோனைட்டுகளும் குதிரை வண்டியில் போகிறவர்கள் என்றும் பிள்ளைகள் நினைத்துக்கொள்ளக் கூடாது. 1939இல் கார் ஓட்டலாம் என்று பிரிந்த ஒரு குழு கறுப்பு நிறக் கார்களே ஓட்டுகிறது. பெரும்பாலானவர்கள் உங்களையும் என்னையும் போல உடுத்தி, உங்களோடு ஒரே அலுவலகத்தில் வேலை செய்கிறவர்கள். வாட்டர்லூ பல்கலைக்கழக வளாகத்திலேயே கான்ராட் கிரேபல் என்ற மென்னோனைட் கல்லூரி இருக்கிறது. இன்றைக்கு அவர்களில் அதிகம் பேர் உறுப்பினராக இருக்கும் தேசிய சபை எத்தியோப்பியாவில் இருக்கிறது.

செயின்ட் ஜேக்கப்ஸுக்கு வடக்கே எல்மைரா என்று ஓர் ஊர், அதன் வழியாகத்தான் பஸ் போகும். 1974இல் இரண்டு இளைஞர்கள் குடித்துவிட்டு ஒரே இரவில் அங்கே 22 இடங்களில் சேதம் செய்தார்கள், கார் டயர்களைக் கிழித்தார்கள், ஜன்னல்களை உடைத்தார்கள். வழக்கு வந்தபோது மார்க் யான்சி என்ற நன்னடத்தை அதிகாரி, அவரும் மென்னோனைட்தான், இந்தப் பையன்களைச் சேதமடைந்த வீடுகளுக்கே நேரில் அழைத்துப் போகலாமே என்று நீதிபதிக்கு யோசனை சொன்னார். நீதிபதி ஒப்புக்கொண்டார். பையன்கள் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டி, நாங்கள்தான் செய்தோம் என்று சொல்லி, எவ்வளவு நஷ்டம் என்று கேட்டு, பிறகு பணத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். தவறு செய்தவரையும் பாதிக்கப்பட்டவரையும் நேருக்கு நேர் உட்கார வைக்கும் இந்த முறை அங்கிருந்துதான் பல நாடுகளுக்குப் பரவியது. நம் பள்ளியில் பிள்ளைகள் சண்டை போட்டால் நான் இருவரையும் ஒரே மேசையில் உட்கார வைத்து முதலில் பேச விடுகிறேனே, சில பெற்றோர் "ஏன் டீச்சர் தண்டனை கொடுக்கவில்லை" என்று கேட்டீர்களே, அந்த வழக்கம் எனக்கு எல்மைராவைப் பற்றிப் படித்ததிலிருந்து வந்தது.

இன்னொன்று. அகதிகளைத் தனியார் குழுக்கள் பொறுப்பேற்று அழைத்து வரலாம் என்ற ஒப்பந்தத்தில் கனடா அரசோடு முதலில் கையெழுத்திட்ட அமைப்பு மென்னோனைட் மத்தியக் குழுதான், 1979 மார்ச்சில். படகில் தப்பி வந்த வியட்நாம் மக்களுக்காக அன்று தொடங்கியது, பிற்பாடு பல நாட்டு மக்களுக்கும் அதே கதவு திறந்தது. நம் பள்ளியில் அகதியாக வந்து இறங்கிய தாத்தா பாட்டிகள் இருக்கிறார்கள். அவர்களால் வர முடிந்தால் முன் இருக்கை அவர்களுக்கு.

இப்போது கண்டிப்பாகச் சில விஷயங்கள். அது மக்கள் வாழும் ஊர், நாம் விருந்தாளிகள். ஓல்ட் ஆர்டர் மக்கள் தங்களைப் படம் எடுப்பதை விரும்புவதில்லை, அது அவர்களுக்கு விசுவாசத்தைச் சேர்ந்த விஷயம். அதனால் பிள்ளைகள் போன் கொண்டு வரவே கூடாது. பெரியவர்கள் கொண்டு வரலாம், ஆனால் தூரத்திலிருந்து ஜூம் செய்து எடுப்பதும் எடுப்பதுதான், தயவுசெய்து வேண்டாம். மதியத்துக்கு மேல் வெஸ்ட் மாண்ட்ரோஸ் போகிறோம். அங்கே கிராண்ட் ஆற்றின் மேல் 1881இல் கட்டி முடித்த, கூரை போட்ட மரப்பாலம் இருக்கிறது, ஒன்டாரியோவில் அந்த மாதிரி மிஞ்சியிருப்பது அது ஒன்றே. குதிரை வண்டிகள் இன்னும் அதில் போகின்றன. பாலத்தின் முன் வகுப்பு வகுப்பாக நிறுத்தி ஆசிரியர்கள் படம் எடுப்பார்கள், வண்டி வந்தால் கேமராவை இறக்கிவிடுவோம். குதிரைகளுக்குப் பின்னால் போய் நிற்கக் கூடாது, கேட்காமல் தொடக் கூடாது. காரில் தனியாக வருகிறவர்கள் வழியில் ஆரஞ்சு முக்கோணம் கட்டிய வண்டியைப் பார்த்தால் ஹாரன் அடிக்காமல், இடம் விட்டு மெதுவாகத் தாண்டுங்கள்.

காலை ஏழரைக்குப் பள்ளி வாசலில் பஸ் தயாராக நிற்கும், மாலை ஆறுக்குள் திரும்பிவிடுவோம். மதியச் சாப்பாடு கட்டிக்கொண்டு வாருங்கள், புளிச்சாதமோ இடியப்பமோ வாடாத எதுவும் சரி. சந்தையில் சுடச்சுட ஆப்பிள் ஃபிரிட்டர் கிடைக்கும், வரிசை நீளமாக இருக்கும், மேப்பிள் சிரப்பும் நல்லதாகக் கிடைக்கும். பிள்ளைகள் கையில் பத்து டாலருக்கு மேல் கொடுக்க வேண்டாம், சில்லறையாகக் கொடுங்கள். மழை வந்தாலும் போவோம், அதனால் நல்ல காலணியும் மழைக்கோட்டும் தேவை. செலவு சிரமமாக இருந்தால் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள் போதும், வேறு யாருக்கும் தெரிய வராது.

படிவத்தில் உங்கள் வீட்டிலிருந்து வரப்போகிறவரின் பெயரை எழுதும் இடம் கடைசியில் இருக்கிறது, அதை நிரப்பாமல் அனுப்பாதீர்கள். அடுத்த சனிக்கிழமைக்குள் வகுப்பு ஆசிரியரிடம் கொடுத்துவிட்டால் பஸ் ஒன்றா இரண்டா என்று முடிவு செய்துவிடலாம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்