கடற்கரை வீட்டுக்கு உத்தரவாதம் இல்லையென்றால் விற்கும்போதே சொல்லியிருக்க வேண்டும்

கல்லடி,
மட்டக்களப்பு.
2025 ஜூலை 14

முகாமையாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
கொழும்பு.

ஐயா / அம்மணி,

விடயம்: 2025 மே 2ஆம் திகதி வாங்கிய வீட்டுப் பாதுகாப்புப் பொதி (ரூபா 18,900) தொடர்பான முறைப்பாடு

இந்த விடயமாக உங்களுக்கு மூன்று தடவை வட்ஸ்அப்பில் எழுதினேன், நான்கு தடவை தொலைபேசியில் பேசினேன். ஒவ்வொரு தடவையும் “48 மணித்தியாலத்துக்குள் தொடர்புகொள்வோம்” என்றார்கள். ஒரு தடவை மட்டும் தொடர்புகொண்டார்கள், அது முடியாது என்று சொல்வதற்கு. அதனால்தான் இந்த முறை பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். பற்றுச்சீட்டு, உத்தரவாத அட்டை, படங்கள் எல்லாவற்றின் பிரதிகளையும் இணைத்திருக்கிறேன்.

நான் ஒரு தாதி. பின்னேர வேலை என்றால் இரவு ஏழு மணிக்கு முடியும், ஒப்படைத்துவிட்டு வெளிக்கிட ஏழரையாகும். ஸ்கூட்டியில் கல்லடிப் பாலம் கடந்து கடற்கரைப் பக்கமாக உள்ள எங்கள் ஒழுங்கைக்கு வரவேண்டும். அந்த ஒழுங்கையில் நான்கு மின்கம்பங்கள், ஒன்றில்தான் விளக்கு. இரவு வேலை என்றால் விடியும்வரை நான் வீட்டில் இல்லை. கணவர் கட்டாரில். வீட்டில் மாமியும் ஒன்பது வயது மகளும் மட்டும்தான். உங்கள் விளம்பரத்தில் இருட்டில் தனியாக நடந்துவரும் ஒரு பெண்ணின் படத்தைப் போட்டு, “வெளியே நீங்கள், வீட்டில் உங்கள் குடும்பம், இரண்டுக்கும் ஒரே பொதி” என்று எழுதியிருந்தீர்கள். எனக்காகவே எழுதியதுபோல இருந்தது. காசைக் கட்டினேன்.

பெட்டிக்குள் ஐந்து சாமான்கள்: கையடக்க டோர்ச், சாவிக்கொத்தில் மாட்டும் அலாரம், கதவுக்கான சென்சர் இரண்டு, சோலார் விளக்கு, கேற்றுக்கான ஆமைப்பூட்டு.

முதலில் பூட்டு. பெட்டியில் “கடினமாக்கிய உருக்கு, கறள் பிடிக்காது” என்று இருக்கிறது. மூன்றாவது கிழமை வளைவின் அடியில் மஞ்சளாக ஒரு கோடு தெரிந்தது. ஜூன் 11ஆம் திகதி காலை மகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பக் கேற்றைத் திறக்கப்போனால் சாவி பாதியில் நின்றுவிட்டது. நான் இரவு வேலை முடிந்து வெளியே ஸ்கூட்டியோடு நிற்கிறேன், பிள்ளை உள்ளே பையோடு நிற்கிறாள். பக்கத்து வீட்டுத் தம்பி ஹக்சோ பிளேட்டோடு மதில் ஏறிக் குதித்தார். வளைவை அறுத்து முடிக்க அவருக்கு நான்கு நிமிடம்கூட ஆகவில்லை. “அக்கா, இது உருக்கில்ல, மெழுகு” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உண்மையிலேயே கடினமாக்கிய உருக்கில் சாதாரண ஹக்சோ பிளேட் கடிக்காது, வழுக்கிப் போகும். அவர் நான்கு நிமிடத்தில் அறுத்ததைக் கள்ளன் எத்தனை நிமிடத்தில் அறுப்பான்? ஒரு மாதத்துக்கு மேல் எங்கள் கேற்றில் தொங்கியது அந்தச் சாமான்தான்.

அடுத்தது டோர்ச். இதைப்பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும், ஏனென்றால் இதில்தான் நீங்கள் தெரிந்துகொண்டே பொய் எழுதியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். டோர்ச்சில் வெளிச்சம் “20,000 லூமன்” என்றும், உள்ளே இருக்கும் 18650 அளவுப் பெட்டரியில் கொள்ளளவு “9900 மில்லி அம்பியர் மணி” என்றும் இருக்கிறது. புதிதாக இருந்தபோதே முழுச் சார்ஜில் முக்கால் மணித்தியாலம்தான் நல்ல வெளிச்சம் தந்தது, பிறகு மெழுகுதிரிபோல ஆகிவிடும். டவுனில் ரேடியோ திருத்தும் கடை வைத்திருக்கும் ஒரு அண்ணனிடம் கொண்டுபோனேன். அவர் பெட்டரியைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, “தங்கச்சி, இத நகைக்கடையில குடுத்து நிறுத்துப் பாருங்க” என்றார். வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். மூன்று கடை தள்ளி இருந்த நகைக்கடைத் தராசில் வைத்தால் 26 கிராம். அண்ணன் தன்னிடமிருந்த பழைய மடிக்கணினிப் பெட்டரியில் கழற்றிய, அதே அளவு ஒன்றைத் தந்தார். அது 46 கிராம். அந்த அளவுள்ள நல்ல பெட்டரி ஏறக்குறைய அந்தப் பாரம்தான் இருக்குமாம். பாரமில்லாதது உள்ளுக்குள் காலி.

18650 என்பது 18 மில்லிமீற்றர் விட்டம், 65 மில்லிமீற்றர் நீளம். அந்த அளவுக்குள் நல்ல கம்பனிகள் அடைப்பதே 3500 மில்லி அம்பியர் மணி அளவுதான். 9900 என்று ஒருவர் எழுதினால் சோதித்துப் பார்க்கவே தேவையில்லை, அது பொய். அண்ணன் ஆனாலும் சோதனைக் கருவியில் போட்டுப் பார்த்தார். 1,080 காட்டியது. படம் இணைத்திருக்கிறேன்.

20,000 லூமன் கணக்கையும் அவர் பற்றுச்சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினார். நல்ல எல்ஈடி ஒரு வாட்டுக்கு 100 முதல் 150 லூமன் தரும். அப்படிப் பார்த்தால் 20,000 லூமனுக்குக் குறைந்தது 130 வாட் வேண்டும். மிக நல்ல 18650 பெட்டரி ஒன்றிலேயே 13 வாட் மணி அளவுதான் இருக்கும். அதாவது எல்லாம் சரியாக இருந்தாலும் ஆறு நிமிடத்தில் அணைந்துவிடும், அதற்கு முதல் கை வெந்துவிடும். ஒரு தாதிக்கும் ஒரு ரேடியோக்காரருக்கும் தெரிகிற கணக்கு, பாதுகாப்புச் சாமான் இறக்குமதி செய்யும் கம்பனிக்குத் தெரியாதா? எனக்கு 20,000 லூமன் தேவையே இல்லை. ஒழுங்கையில் நாயும் குழியும் தெரிய 300 போதும். 300 என்று எழுதி 300 தந்திருந்தால் இந்தக் கடிதமே இல்லை.

சாவிக்கொத்து அலாரம். பின்னை இழுத்தால் 130 டெசிபல் கத்தும் என்று இருந்தது. எவ்வளவு தூரத்தில் வைத்து அளந்த 130 என்று எங்கும் இல்லை. தூரம் இரண்டு மடங்கானால் சத்தம் ஆறு டெசிபல் குறையும், ஆகவே தூரம் சொல்லாத எண்ணுக்குப் பெறுமதி கிடையாது. வந்த அன்று விறாந்தையில் இழுத்துப் பார்த்தபோது காதைப் பொத்திக்கொண்டோம், அது உண்மை. ஜூன் 24 இரவு பாலத்தடியிலிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் என் பின்னாலேயே வந்தது. நான் மெதுவாகப் போனால் அதுவும் மெதுவாக, வேகமாகப் போனால் அதுவும் வேகமாக. தேத்தண்ணிக் கடை வெளிச்சத்தில் ஸ்கூட்டியை நிறுத்திப் பின்னை இழுத்தேன். கீச் என்று ஒரு சத்தம், பிறகு அதுவும் இல்லை. கடையில் இருந்தவர்கள் எழுந்து வந்ததும் அவன் திருப்பிக்கொண்டு போய்விட்டான். வீட்டுக்கு வந்து மூடியைக் கழற்றினால் மூன்று பொத்தான் பெட்டரிகளிலும் பச்சைப் பூஞ்சணம்போலப் படிந்திருந்தது. மாமி வாங்கி ஒரு தடவை இழுத்துப் பார்த்தார். “என்ன புள்ள, நுளம்பு கத்துறமாதிரிக் கிடக்கு. மறுகா என்னத்துக்கு இந்தக் காசு?” அன்றைக்கு என்னைக் காப்பாற்றியது தேத்தண்ணிக் கடைக்காரரின் குண்டு பல்ப்.

சோலார் விளக்கில் பிழை முழுக்க உங்களுடையது என்று சொல்லமாட்டேன். ஆள் வந்தால் தானாக எரிய வேண்டிய விளக்கு, கச்சான் காற்று அடிக்கும் இந்த மாதங்களில் பின்னேரம் ஏழு மணிக்கு மாமி நேரே போய் நின்றாலும் எரிவதில்லை. இரவு இரண்டு மணிக்குப் பூனைக்கு எரிகிறது. அந்தச் சென்சர் உடம்பின் சூட்டுக்கும் சுற்றுப்புறத்தின் சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்துத்தான் வேலை செய்கிறதாம். பகல் முழுக்கக் காய்ந்த சுவரும் நிலமும் மனித உடம்பளவுக்குச் சூடாக இருந்தால் அதற்கு ஆள் தெரியாது. நேரே நோக்கி வருபவரைவிடக் குறுக்கே நடப்பவரை நன்றாகப் பிடிக்கும் என்பதும் பிறகுதான் தெரிந்தது. விளக்கை மதில் மூலைக்கு மாற்றினோம், கொஞ்சம் பரவாயில்லை. ஆனால் இதெல்லாம் உங்கள் அறிவுறுத்தல் தாளில் இருக்க வேண்டும். தாள் சீன மொழியிலும் ஆங்கிலத்திலும் இருக்கிறது, தமிழிலும் இல்லை, சிங்களத்திலும் இல்லை.

கதவுச் சென்சர் இரண்டும் நன்றாக வேலை செய்கின்றன. அவற்றில் குறையில்லை. ஒட்டும் நாடா சூட்டுக்குக் கழன்று விழுந்தது, ஆணி வைத்து முறுக்கிவிட்டோம், சரி.

இப்போது உங்கள் பதிலுக்கு வருகிறேன். ஜூலை 3ஆம் திகதி வட்ஸ்அப்பில் வந்தது: “கடற்கரைப் பிரதேசப் பாவனையால் ஏற்படும் கறள் மற்றும் பழுதுகள் உத்தரவாதத்தில் அடங்காது.” உத்தரவாத அட்டையை இரண்டு பக்கமும் வாசித்தேன், அப்படி ஒரு வரி இல்லை. நீங்கள் பொதியை அனுப்பிய முகவரியில் கல்லடி என்று இருக்கிறது. டோர்ச் பெட்டியில் ஐபி67 என்று அடித்திருக்கிறீர்கள். அப்படியென்றால் தூசு புகாது, ஒரு மீற்றர் தண்ணீரில் அரை மணித்தியாலம் கிடந்தாலும் ஒன்றும் ஆகாது என்று அர்த்தம். அந்தப் பெட்டியின் முன்பக்கப் படத்தில் இருப்பது என்ன தெரியுமா? கடற்கரையில் ஒரு கூடாரம்.

கடற்காற்று இரும்பைத் தின்னும் என்பதை எங்களுக்குக் கொழும்பிலிருந்து யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. நான் தினமும் புதுப் பாலத்தில் வரும்போது பக்கத்தில் 1924இல் திறந்த பழைய இரும்புப் பாலம் வாவிக்கு மேலே நிற்பதைப் பார்த்துக்கொண்டுதான் வருகிறேன். நூறு வருடம் தாண்டிவிட்டது. எங்கள் வீட்டில் மாமனார் 78 சூறாவளிக்குப் பிறகு வாங்கிய பித்தளை ஆமைப்பூட்டு ஒன்று இருக்கிறது. 2004 சுனாமி வீட்டை எடுத்துக்கொண்டு போனது. பூட்டு மணலுக்குள்ளிருந்து கிடைத்தது. தையல் மெசின் எண்ணெய் விட்டுத் திறந்தார்களாம். உங்கள் பூட்டு வந்ததும் அதைக் கழற்றி அலுமாரிக்குள் போட்டவள் நான்தான். அந்த வெட்கம் எனக்கு இருக்கிறது.

காசைவிட எனக்குக் கோபம் வேறு ஒன்றில். இந்தப் பொதி வருவதற்கு முன் எங்களிடம் ஒரு ஒழுங்கு இருந்தது. நான் இரவு வேலைக்குப் போகும் நாட்களில் பக்கத்து வீட்டுப் பெரியம்மா எங்கள் வீட்டு விறாந்தையில் வந்து படுப்பார். பின்கதவின் உட்பக்கம் மாமி அலுமினியச் சட்டி மூடிகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சாத்தி வைப்பார். கதவை யாராவது தள்ளினால் ஊரே எழும்பும். 2011 ஆகஸ்டில், உடம்பில் கிறீஸ் பூசிய ஆட்கள் இரவில் பெண்களைத் தாக்குகிறார்கள், கிறீஸ் பூதம் என்று எங்கள் பக்கமெல்லாம் பதறியபோது தொடங்கிய பழக்கம். அப்போது ஒழுங்கைக்கு ஒழுங்கை பொடியன்கள் பொல்லோடு விழித்திருந்தார்கள், பெண்கள் சட்டிமூடி அடுக்கினோம். உங்கள் பொதி வந்த பிறகு பெரியம்மாவிடம், “இனி நீங்க கஷ்டப்பட வேண்டாம் பெரியம்மா, எல்லாம் பூட்டியாச்சு” என்று நானே சொன்னேன். மூடிகள் அடுப்படிக்குப் போயின. ஐந்து கிழமை என் மாமியும் பிள்ளையும் மெழுகுப் பூட்டை நம்பித் தனியே படுத்திருக்கிறார்கள். ஒன்றும் நடக்கவில்லை. நடக்காததற்கு உங்கள் சாமான் காரணமில்லை.

ஆகவே நான் கேட்பது: பூட்டு, டோர்ச், அலாரம், சோலார் விளக்கு நான்கையும் உங்கள் செலவில் திரும்ப எடுத்து அவற்றின் பணத்தைத் தாருங்கள். பற்றுச்சீட்டில் தனித்தனி விலை இருக்கிறது, கதவுச் சென்சரைக் கழித்தால் 15,300 ரூபா வருகிறது. மாற்றுச் சாமான் வேண்டாம். அதோடு 9900, 20,000 என்ற எண்களை விளம்பரத்திலிருந்து எடுங்கள். நேற்றும் பார்த்தேன், அப்படியே இருக்கின்றன.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தில் 30ஆம், 31ஆம் பிரிவுகள் ஏமாற்றும் நடத்தையையும் பொய்யான விவரிப்பையும் பற்றியவை. வாங்கி மூன்று மாதத்துக்குள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிட வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. நான் வாங்கியது மே 2. ஆகஸ்ட் 2க்கு இன்னும் 19 நாள். உங்கள் “48 மணித்தியாலங்கள்” எதற்காக இப்படி நீண்டுகொண்டே போகின்றன என்று யோசித்தபோதுதான் இந்தத் திகதி கண்ணில் பட்டது. தற்செயலாகவும் இருக்கலாம். ஜூலை 25க்குள் பதில் வராவிட்டால் இதே கோவையை அதிகார சபைக்கு அனுப்புவேன். பிரதி எடுத்து உறையில் போட்டு முகவரியும் எழுதி வைத்திருக்கிறேன், முத்திரை ஒட்டுவதுதான் மிச்சம்.

சாமான்களை எடுக்க கூரியர்காரர் வருவதென்றால் ஒரு நாள் முன்னதாக அறிவியுங்கள். இரவு வேலை முடிந்த நாட்களில் நான் பகலில் தூங்குவேன், தெரியாத ஆளுக்கு மாமி திறக்கமாட்டார். கேற்றில் நின்று கூப்பிடச் சொல்லுங்கள், பித்தளைப் பூட்டுத் தொங்கும் கேற். பின்பக்கமாக வந்து கதவைத் தள்ள வேண்டாம், அங்கே மறுபடியும் சட்டிமூடி அடுக்கியிருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்