அந்த 'லை' உன்னுடையது

சாலிகிராமம்,
ஞாயிறு மதியம்

அன்புள்ள மாப்ளே,

பொங்கலுக்கு நீ அனுப்பின வாழ்த்துக்கே நான் இன்னும் பதில் போடல, அதுக்குள்ள ஆடி வந்துடுச்சு. திட்டறதா இருந்தா இங்கேயே திட்டி முடிச்சிடு, கீழே வேற விஷயம் இருக்கு. தங்கச்சி சௌக்கியமா? அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் ஆச்சா? இங்கே எல்லாரும் நலம். எனக்குக் கண்ணாடி பவர் ஏறியிருக்கு, அவ்வளவுதான்.

போன்லயே சொல்லியிருக்கலாம். நீ சிரிச்சு மழுப்பிடுவே. அதான் காகிதம்.

நாம அட்டை பண்ணின நாகஸ்வர கேசட் ஞாபகம் இருக்கா? 1996, பெரியமேட்டு ரூம், கரண்ட் இல்லாத ரெண்டு ராத்திரி, மெஸ் அண்ணாச்சி வந்து எட்டிப் பார்த்துட்டு உன்கிட்ட கேட்ட அந்தக் கேள்வி! அதேதான். அதை இப்போ எல்பியா போடப் போறாங்க. ஆமா, கறுப்பு ரிக்கார்டேதான். நாம காயலான் கடையில எடைக்குப் போட்ட சாமானைப் பசங்க இப்போ ஆயிரக்கணக்குல காசு குடுத்து வாங்கறாங்க. உரிமை வாங்கினவர் என்னைத் தேடிப் பிடிச்சு, "அட்டையையும் நீங்களே பண்ணிடுங்க சார்"னார். ஒரிஜினல் ஆர்ட்வொர்க் எங்கேன்னு கேட்டா, 2015 வெள்ளத்துல போயிடுச்சாம். மிஞ்சினது கேசட் டப்பாக்குள்ள மடிச்சு வைக்கிற ஒரே ஒரு இன்லே கார்டு, அதுவும் மடிப்புல வெளுத்துக் கிழிஞ்சது.

கேசட் முகப்பு ரெண்டரைக்கு நாலு அங்குலம், நெட்டையா நிக்கும். எல்பி அட்டை பன்னிரண்டே கால் அங்குலச் சதுரம். நிக்கிற ஆளைச் சப்பணம் போட்டு உட்கார வைக்கிற வேலை. ஸ்கேன் பண்ணிப் பெருசாக்கினேன், படம் வரல, புள்ளிதான் வந்துச்சு. நாலு கலர் புள்ளியும் பூப்பூவா விரிஞ்சு, நாகஸ்வரக்காரர் முகத்துல அம்மை வார்த்த மாதிரி ஆயிடுச்சு. மெஜந்தா மை வேற அரை மில்லிமீட்டர் விலகி நிக்குது. அன்னிக்குப் பிரஸ்ல நின்னு நீ கத்தினியே, அதுக்கப்புறமும் அவங்க சரி பண்ணவேயில்லை பாரு.

படம் கிடக்கட்டும், வேற போட்டோ தேடிக்கலாம். அட்டையில நீ பிரஷ்ல எழுதின எழுத்துக்கு எங்கே போறது?

1978-லேயே அரசாங்கம் மாத்தின எழுத்து அது. நீ மட்டும் யானைத் துதிக்கை மாதிரிக் கொம்பு வச்ச பழைய 'லை'தான் போடுவேன்னு அடம் பிடிச்சே, "எங்கப்பா கடை போர்டுல இப்படித்தான் எழுதினார்"னு. ரெண்டாம் நம்பர் பிரஷ், ஒரே இழுப்பு. துதிக்கை மேலே ஏறி 'ல'வைத் தொடுற இடத்துல மை வத்தி, பிரஷ் மயிர் பிரிஞ்சு, ஒரு கோடு ரெண்டா ஓடியிருக்கு. கேசட் அளவுல அது கண்ணுக்கே தெரியாது. மானிட்டர் முழுக்க நிறைஞ்சு நின்னப்போ நான் நாற்காலியைப் பின்னாடி தள்ளிட்டு உட்கார்ந்துட்டேன். கூட இருந்த பையன், இருபத்திரண்டு வயசு, "அண்ணே, இது மலையாளமா?"ன்னான்.

அவனைச் சொல்லிக் குத்தமில்ல. போன மாசம் ஒரு சீரியலுக்கு டைட்டில் பண்ணேன். நொடிக்கு 25 ஃப்ரேம், தலைப்பு நிக்கிறது நாலே நொடி. அந்த நூறு ஃப்ரேமுக்குப் பத்து நாள் வேலை. கீழே ஆஸ்டன்னு சொல்ற எழுத்துப் பட்டை, மூலையில சேனல் முத்திரை, இன்னொரு பக்கம் அடுத்த நிகழ்ச்சிக்கு விளம்பரம். முன்னெல்லாம் டியூப் டிவி ஓரத்தைத் தின்னுடும்னு நாலு பக்கமும் பத்து சதம் விட்டு எழுதுவோம். இப்போ டிவி தின்னல, சேனலே தின்னுது. கடைசி நேரத்துல எடிட்ல யாரோ அடிவரியைத் திரும்ப டைப் பண்ணி, இந்திய மொழி செட்டிங்கைப் போடாம விட்டிருக்காங்க. 'பெண்' போட்ட இடத்துல கொம்பு 'ப'வைத் தாண்டிப் பின்னாடி போய் நின்னுடுச்சு. ஒரு வாரம் அப்படியே ஓடுச்சு மாப்ளே. ஒரு புகார் வரல. என் மாமியார் மட்டும், "உங்க எழுத்து நொண்டுதே"ன்னாங்க. வீட்டுல மானம் போனதுதான் மிச்சம்.

சரி, சொல்ல வந்ததைச் சொல்லிடறேன்.

இன்லே கார்டோட உள்பக்கத்தையும் ஸ்கேன் பண்ணேன். 'வடிவமைப்பு'ன்னு என் பேர் இருக்கு. உன் பேர் இல்ல. இடம் பத்தலன்னு அன்னிக்கு உன்கிட்ட சொன்னேன். பத்தாமலா? கீழே ரெண்டு வரி இடம் காலியா கிடக்கு. அந்தக் கார்டைக் காட்டித்தான் எனக்கு முதல் டிவி வேலை கிடைச்சது. "எழுத்தும் நீங்களேவா?"ன்னு கேட்டாங்க. நான் சிரிச்சேன். இல்லைன்னு சொல்லல.

இத்தனை வருஷம் இது உறுத்தினதுன்னு சொன்னா பொய். போன வாரம் உன் மருமக, அதான் என் மக, ஒரு டி-ஷர்ட் போட்டுக்கிட்டு வந்தா. கறுப்புல வெள்ளைக் கோடு, மலைத்தொடர் மாதிரி. ஜாய் டிவிஷன்னு ஒரு இங்கிலாந்துக் குழு 1979-ல போட்ட முதல் ஆல்பத்தோட அட்டை. பண்ணவர் பீட்டர் சேவில்னு எனக்கும் தெரியும். ஆனா கோடு அவர் போட்டதில்லையாம். சிபி 1919-ங்கிற பல்சரோட, அதாவது விட்டு விட்டுத் துடிக்கிற ஒரு நட்சத்திரத்தோட, ரேடியோத் துடிப்பு அது. ஹரால்ட் கிராஃப்ட்னு ஒரு வானியல் மாணவர் தன் ஆய்வேட்டுக்காகக் கம்ப்யூட்டர்ல எடுத்த படம். ஒரு கலைக்களஞ்சியத்துல இருந்ததைக் குழுக்காரங்க எடுத்துக் குடுத்திருக்காங்க. ரொம்ப நாள் அவருக்கே தெரியாதாம். யாரோ சொல்லி, கடைக்குப் போய்த் தன் படத்தைத் தானே காசு குடுத்து வாங்கியிருக்கார். மக இதைச் சிரிச்சுக்கிட்டே சொன்னா. நான் மொட்டைமாடிக்குப் போயிட்டேன்.

உன் எழுத்தை டிரேஸ் பண்ணியும் பார்த்தேன். நனைஞ்ச சோப்பு மாதிரி வழவழன்னு வந்துச்சு, அந்தப் பிரிஞ்ச மயிர் காணோம். அழிச்சிட்டேன். நீதான் திரும்ப எழுதணும். அதே துதிக்கையோட. "புது லை போட்டா எல்லாருக்கும் புரியுமே"ன்னு உரிமைக்காரர் இழுத்தார், முடியாதுன்னுட்டேன். ரெண்டாம் நம்பர் பத்தாது, எட்டு எடு. கை நடுங்குதுன்னு போன தடவை சொன்னே. நடுங்கட்டும், அதையும் சேர்த்தே ஸ்கேன் பண்றேன். ஆன்லைனுக்கு மூவாயிரத்துக்கு மூவாயிரம் பிக்சல்ல ஒண்ணு கேட்கிறாங்க. போன்ல அது நகக்கண் அளவுதான் தெரியும், உன் 'லை' அங்கே கொசு. அதை நான் பார்த்துக்கறேன்.

பணம் தனியா, உன் பேருக்கே வரும், பேசிட்டேன். பின்னட்டையில 'எழுத்து' முதல் வரி, என் பேர் அதுக்குக் கீழே. உன் பேரை இனிஷியலோட போடணுமா, அப்பா போர்டுல போட்ட மாதிரி 'கும்பகோணம்' சேர்த்தா? அதை மட்டும் எழுதி அனுப்பு.

புரட்டாசிக்குள்ள பிரஸ்ஸுக்குப் போகணும். ஆறு ஷீட் கூரியர்ல வருது, நல்ல காகிதம், ஒண்ணு நூத்தி அறுபது ரூபாய். மாட்டேன்னு சொல்றதா இருந்தா அதையாவது திருப்பி அனுப்புடா, பேரனுக்குக் கப்பல் பண்ணிக் குடுத்துடாதே.

உன்,
ஸ்கேல்