பாதியில் போகிற பையன்கள்

டர்ஹம், வட கரோலினா
29 ஜூன் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

தம்பி எழுதுவது. நாங்கள் மூவரும் இங்கே நல்ல சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறதா? மதினி கொடுத்துவிட்ட மாவடு பத்திரமாக வந்து சேர்ந்தது. பெரியகுளத்து மாவடு வாசம் இரண்டு நாளாக வீட்டை விட்டுப் போகவில்லை.

போன வாரம் போனில், “அங்கே பாஸ்கெட்பால் பசங்க காலேஜில் ஒரு வருசம் ஆடிட்டு ஓடிடுறாங்களாமே, படிப்பு என்னத்துக்கு ஆகுது?” என்று கேட்டீர்கள். லைன் விட்டு விட்டு வந்ததால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. போனில் சொல்லி முடிகிற விஷயமும் இல்லை. அதனால்தான் ரொம்ப நாள் கழித்துப் பேப்பரை எடுத்தேன்.

நான் இருக்கிற இந்த ஊரில் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை பாஸ்கெட்பால்தான் பேச்சு. டியூக் பல்கலைக்கழகத்தின் ஆட்டக்கூடம் 1940-ல் கட்டியது, 9,314 பேர்தான் உட்காரலாம். பக்கத்து ஊரான சாப்பல் ஹில்லோடு ஆட்டம் என்றால் பிள்ளைகள் பல வாரம் முன்னாலேயே வாசலில் கூடாரம் போட்டு, ஜனவரிக் குளிரில் முறை வைத்துப் படுத்துக் கிடக்கிறார்கள். ஒருமுறை ஆபீஸ் நண்பர் டிக்கெட் கொடுத்து உள்ளே போனேன். நம்ம ஊரில் மே மாசப் போட்டிக்குப் போனால் கோட்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்போமே, பந்து மடியில் வந்து விழுமே, அந்த நெருக்கம். கண் கலங்கிவிட்டது அண்ணே, பக்கத்தில் நீங்கள் இல்லையே என்று.

இந்த வருடம் டியூக்கில் கூப்பர் ஃபிளாக் என்று ஒரு பையன். மெய்ன் மாநிலத்துக்காரன், வயது 18. ஏப்ரல் 5-ம் தேதி சான் அன்டோனியோவில் காலேஜ் அணிகளின் தேசியப் போட்டி அரையிறுதியில் 14 புள்ளி முன்னால் இருந்தும் ஹூஸ்டனிடம் 67–70 என்று தோற்றார்கள். திங்கட்கிழமை ஆபீசில் ஒருவரும் பேசவில்லை. அவன் ஒரே வருடத்தில் போய்விடுவான் என்று எல்லாருக்கும் முன்பே தெரியும். தொழில்முறை அணிகள் புது ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுப்பதற்கு டிராஃப்ட் என்று பெயர். போன புதன்கிழமை புரூக்ளினில் நடந்த டிராஃப்டில் முதல் பெயரே அவன்தான், டல்லஸ் அணிக்கு. முதல் வருடச் சம்பளமே ஒரு கோடி டாலருக்கு மேல். அவனை யாரும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அவனுக்கு யோசிக்க என்ன இருக்கிறது? தூக்கம் கெடுவது அதற்குக் கீழே இருக்கிற பையன்களுக்குத்தான்.

கணக்கைச் சொல்கிறேன். என்பிஏ என்கிற தொழில்முறை பாஸ்கெட்பால் லீகில் 30 அணிகள். டிராஃப்ட் இரண்டு சுற்று, ஆகக்கூடி 60 பெயர் வரை. முதல் சுற்றில் பெயர் வந்தால் இரண்டு வருடச் சம்பளம் உறுதி. கடைசி, அதாவது 30-வது ஆளுக்கே வருடம் 20 லட்சம் டாலருக்கு மேல். இரண்டாவது சுற்றுக்கு அந்த உறுதி கிடையாது. பெயரே வராவிட்டால் ஜி லீக் என்கிற கீழ்நிலைப் போட்டி, ஒரு சீசனுக்குச் சுமார் 43,000 டாலர். இல்லையென்றால் துருக்கி, ஸ்பெயின் என்று கிளம்ப வேண்டும். 30-க்கும் 31-க்கும் நடுவில் இவ்வளவு பெரிய பள்ளம்.

நீங்கள் கேட்ட அந்த ஒரு வருடமும் பையன்கள் விரும்பி வைத்துக்கொண்டதில்லை. 1995-ல் கெவின் கார்னெட், அடுத்த வருடம் கோபி பிரயன்ட், 2003-ல் லெப்ரான் ஜேம்ஸ் எல்லாம் பள்ளிக்கூடத்திலிருந்து நேராகப் போனவர்கள். 2006 டிராஃப்டிலிருந்துதான் 19 வயது ஆகும் வருடமாக இருக்க வேண்டும், பள்ளி முடித்து ஒரு சீசன் கழிந்திருக்க வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். அந்த ஒரு வருடத்தைக் கழிக்கத்தான் காலேஜ். அதற்குள் அடிபட்டால்? 2019-ல் இதே டியூக்கில், ஆட்டம் தொடங்கி ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, சயன் வில்லியம்சன் என்ற பையனின் ஷூ கிழிந்து முழங்கால் பிசகிவிட்டது. நல்லவேளை, தேறி வந்து அந்த வருடமே முதல் ஆளாகப் போனான். ஆனால் அடுத்த சில வாரம் நாடே, இனி எதற்கு அவன் சும்மா ஆட வேண்டும் என்றுதான் கேட்டது.

இப்போது என்னோடு வேலை பார்க்கும் ஒரு அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். ஒரே மாடி, பக்கத்துப் பக்கத்து மேசை. மகன் வேறு மாநிலத்தில் ஒரு சின்னக் காலேஜில் மூன்று வருடம் ஆடியிருக்கிறான். இந்த வசந்தத்தில் டிராஃப்டுக்குப் பெயர் கொடுத்தான். பெயர் கொடுத்தாலும், காலேஜ் ஆட்டத்துக்குத் திரும்ப வேண்டுமானால் மே 28 நள்ளிரவுக்குள் வாபஸ் வாங்கலாம். அதுவரை அணி அணியாகப் போய் ஆடிக் காட்டுவான். சாப்பாட்டு வேளையில் அந்த அம்மா போனைக் காட்டுவார். யார் எத்தனையாவது ஆளாகப் போவார் என்று கணிக்கிற ஒரு பட்டியலில் 48, இன்னொன்றில் 55, வேறொன்றில் பெயரே இல்லை. ஒருநாள் கை துடைக்கும் காகிதத்தை விரித்து, பேனாவால் நடுவில் கோடு போட்டு, இந்தப் பக்கம் போனால் என்ன, அந்தப் பக்கம் இருந்தால் என்ன என்று எழுதிக்கொண்டே வந்தார். மை ஊறி இரண்டு பக்கமும் ஒன்றாகக் கலந்துவிட்டது. அதைக் கசக்கிப் போடவும் மனம் வரவில்லை அவருக்கு, மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

கடைசி நாள் ராத்திரி அவன் வீட்டு வாசலில் கார் பானட் மேல் உட்கார்ந்திருந்தானாம். இவர் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். பத்தே முக்காலுக்கு உள்ளே வந்து, “நீ இன்னும் எத்தனை வருசம் ரெண்டு வேலை பார்ப்பே?” என்று கேட்டிருக்கிறான். ஆமாம் அண்ணே, சனி ஞாயிறு இரவில் ஒரு கிடங்கிலும் அவருக்கு வேலை. அப்புறம்தான் வாபஸ் வாங்கினான்.

வாபஸ் வாங்கினால் அம்மாவின் கஷ்டம் எப்படித் தீரும் என்று கேட்பீர்கள். அங்கேதான் காலம் மாறியிருக்கிறது. முன்பெல்லாம் காலேஜ் பிள்ளை ஒரு விளம்பரத்துக்குப் பத்து டாலர் வாங்கினாலும் குற்றம். 2021 ஜூலையிலிருந்து தன் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம். இந்த மாதம் 6-ம் தேதி நீதிமன்றம் ஒரு சமரசத்தை ஒப்புக்கொண்டது. அதன்படி நாளை மறுநாளிலிருந்து பல்கலைக்கழகமே ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம், ஒரு பல்கலைக்கழகத்துக்கு வருடம் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை. இந்தப் பையனைப் பெரிய காலேஜ் ஒன்று கூப்பிட்டிருக்கிறது. ஆகஸ்டோடு கிடங்கு வேலையை விடப்போகிறார் அந்த அம்மா. 2021-ல் 350 பேருக்கு மேல் முன்கூட்டியே டிராஃப்டுக்குப் பெயர் கொடுத்தார்கள். இந்த வருடம் 106 பேர்தான். வருடா வருடம் காசுக்காகக் காலேஜ் மாறினால் படிப்பு என்ன ஆகும் என்ற கவலை எனக்கும் உண்டு. ஆனாலும் சோற்றுக்காகப் பாதியில் போக வேண்டிய நிலைமை குறைந்ததே, அது நல்லதுதான்.

எல்லாரும் திரும்பி வந்துவிடவும் இல்லை. செட்ரிக் கோவர்ட் என்று ஒருவன், யாரும் கேள்விப்படாத சின்னக் காலேஜில் தொடங்கியவன். போன சீசனில் தோளில் அடிபட்டு ஆறே ஆட்டம்தான் ஆடினான். அடுத்த வருடம் டியூக்குக்கு வருவதாக இருந்தது. வராமல் டிராஃப்டிலேயே நின்றான். எங்கள் ஊரில் பலருக்கு வருத்தம். புதன்கிழமை 11-வது ஆளாக அவன் பெயரைக் கூப்பிட்டார்கள். ஆறு ஆட்டம் ஆடியவனுக்கு இப்படி ஒரு கதவு மறுபடி திறக்குமா? எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

இதையெல்லாம் தேடிப் படித்தபோது ஒன்று கண்ணில் பட்டது. அந்தக் காலத்தில் காலேஜ் நான்கு வருடக் கணக்கு முடியாமல் என்பிஏவுக்குள் யாரும் போக முடியாது. ஸ்பென்சர் ஹேவுட் என்பவர், மிசிசிப்பியில் பருத்தி எடுத்து வளர்ந்தவர், வழக்குப் போட்டு 1971-ல் உச்ச நீதிமன்றம் வரை போய் ஜெயித்தார். அதன் பிறகு என்ன செய்தார்கள் தெரியுமா? பாதியில் வருகிறவன் வீட்டில் பணக்கஷ்டம் என்று நிரூபித்தால் சேர்த்துக்கொள்கிறோம் என்று விதி வைத்தார்கள். 1976 வரை அப்படித்தான். படித்ததும் எனக்குத் தாலுகா ஆபீஸ் வாசல்தான் ஞாபகம் வந்தது. அப்பா இறந்த வருடம், வருமானச் சான்றிதழுக்காக உங்களோடு நான் மூன்று நாள் அந்த வேப்பமரத்தடியில் நின்றேனே.

1998-ல் நீங்கள் இரண்டாம் வருடம். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ரயில்வே வேலைக்கு ஆர்டர் வந்தது. படிப்பை முடிக்காமல் போகிறானே, அவசரக்காரன் என்று சொந்தக்காரர்களே பேசினார்கள். எனக்கு அப்போது 13 வயது. உங்கள் முதல் சம்பளத்தில் என் பள்ளிக்கூட ஃபீஸ் கட்டியதும் தெரியும், நான் இன்றைக்கு இந்த நாட்டில் உட்கார்ந்திருப்பது எதனால் என்றும் தெரியும். இங்கே யாராவது ஒரு பையனைப் பேராசைக்காரன் என்று திட்டினால் எனக்குத் தாங்குவதில்லை.

இங்கே போனவர்கள் பலர் திரும்ப வந்து படிப்பை முடிக்கிறார்கள். ஸ்டெஃப் கரி 2009-ல் மூன்றாம் வருடத்தோடு போனவர், 2022-ல்தான் பட்டம் வாங்கினார். டிம் டங்கன் என்ற இன்னொரு பெரிய ஆட்டக்காரர் மட்டும் முதலிலிருந்தே நகரவில்லை. அம்மா சாகும் முன் அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தாராம், இங்கிருந்து ஒன்றரை மணி நேரத் தூரத்தில் உள்ள காலேஜில் நான்கு வருடமும் இருந்து முடித்துவிட்டுத்தான் போனார். உங்களுக்கு மிச்சம் இருப்பது எத்தனை பேப்பர் அண்ணே? தொலைதூரக் கல்வியில் முடியும் என்றால் ஃபீஸ் என் பொறுப்பு. வேண்டாம் என்றால் வேண்டாம், இனி இதைப் பற்றிக் கேட்க மாட்டேன்.

பையனுக்கு ஷூ வாங்கி வைக்கப்போகிறேன். பேப்பரில் காலை வைத்து வரைந்து அனுப்பச் சொல்லுங்கள், சைஸ் நம்பரை நம்ப வேண்டாம்.

இன்னொன்று. ஆர்டர் வந்த அன்று ராத்திரி சாப்பிடக் கூப்பிட அம்மா என்னைப் பாஸ்கெட்பால் கோர்ட்டுக்கு அனுப்பினார். ஒற்றைப் பல்பு வெளிச்சத்தில் நீங்கள் தனியாக ஃப்ரீ த்ரோ போட்டுக்கொண்டிருந்தீர்கள். நான் சுவர் ஓரமாக நின்று பார்த்துவிட்டு, கூப்பிடாமலே திரும்பி வந்துவிட்டேன். கார் பானட் மேல் உட்கார்ந்திருந்த பையனைப் பற்றி அந்த அம்மா சொன்னபோது அதுதான் கண்முன் வந்தது. அன்றைக்கு என்ன நினைத்துக்கொண்டிருந்தீர்கள்? மனம் இருந்தால் எழுதுங்கள்.

அன்புத் தம்பி