அத்தான், சீசன் ரிக்கெற்றை விட்டுவிட்டேன்

அத்தான்,

இன்றைக்கு 2024 ஒக்ரோபர் 8. ஏன் இந்த நாளில் எழுதுகிறேன் என்று உங்களுக்குத் தெரியும். ரொறன்ரோ புளூ ஜேய்ஸ் பேஸ்போல் ஆட்டங்களுக்கு நாங்கள் வைத்திருந்த இரண்டு இருக்கைகளையும் அடுத்த வருடத்துக்குப் புதுப்பிக்கவில்லை. வேறு யாரும் சொல்லி நீங்கள் அதை அறியக்கூடாது. இரண்டு வருடமாக உங்கள் இருக்கையில் என் ஜக்கெற்தான் இருந்தது.

இந்த வருடம் 74 வெற்றி, 88 தோல்வி, பிரிவில் கடைசி இடம். அதுவும் எங்கள் குவெரோ 30 தடவை பந்தைச் சுவருக்கு வெளியே அனுப்பி ஹோம் ரன் அடித்த வருடத்தில்! அப்படி ஒருவனை வைத்துக்கொண்டு புளூ ஜேய்ஸ் எப்படிக் கடைசியாக வரலாம்? போன டிசம்பரில் ஜப்பான் நட்சத்திர வீரர் ஓதானி எங்கள் அணியில் சேர விமானத்தில் ரொறன்ரோ வருகிறார் என்ற பொய்ச் செய்தியை நம்பி நீங்கள் கல்கரியிலிருந்து அனுப்பிய மெசேஜ் இன்னும் என் போனில் கிடக்கிறது. பதில் போடவில்லை. ஜூலை முடிவில் கிக்குச்சி, ரேர்ணர், கியர்மையர் என்று எங்கள் வீரர்களை வரிசையாக வேறு அணிகளுக்குக் கொடுத்துத் தள்ளினார்கள்.

ஜான்சனைப் பொஸ்ரன் அணிக்குக் கொடுத்ததுதான் எனக்கு ஆறவில்லை. ஜூன் 26 மழையால் நின்ற ஆட்டத்தில் எங்களுக்காக மட்டையோடு நின்றவன், ஓகஸ்ற் 26 அதே ஆட்டம் தொடர்ந்தபோது பொஸ்ரனுக்குக் கச்சராக, மட்டைக்காரனுக்குப் பின்னால் பந்து பிடிக்கக் குந்தியிருந்தான். எல்லோரும் அதை அதிசயமாகக் கதைத்தார்கள், எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அக்காவைப் பற்றி இங்கே எழுதமாட்டேன், சொந்தக்காரர் பாதிப்பேர் படிப்பார்கள். நான் எந்தப் பக்கம் நின்றேன் என்பது உங்களுக்குத் தெரியும்.

2022இல் இதே நாள், சியாற்றிலோடு பிளேஓஃப் ஆட்டம். ஒன்பது இன்னிங்ஸில் ஐந்து முடிய 8-1 என்று நாங்கள் முன்னால். நீங்கள் கச்சான் கோது உடைத்து என் கையில் போட்டபடி "இன்னும் முடியேல்லையடா" என்றீர்கள். எட்டாவதில் 9-6 என்று நிற்கும்போது சியாற்றிலின் குரோஃபோர்ட் தூக்கிவிட்ட பந்துக்கு எங்கள் ஸ்பிரிங்கரும் பொஷெற்றும் ஓடி மோதி விழ, மூன்று பேர் ஓடி வந்து 9-9. ஸ்பிரிங்கர் தரையில் கிடக்கும்போதே உங்களைத் திரும்பிப் பார்த்துச் சொன்னேன்: "உங்களைப்போலத்தான் இவங்களும், தொடங்கத் தெரியும், முடிக்கத் தெரியாது." முன்வரிசையில் இருந்த தமிழ்ப் பெடியன்கூடத் திரும்பிப் பார்த்தான். நீங்கள் தொடங்கிய கடையைச் சொன்னேன் என்று நினைத்திருப்பீர்கள். கடையை மட்டும் சொல்லவில்லை. பிறகு எழும்பிப் போய்விட்டேன். சியாற்றில்காரர் 10-9 ஆக்கியதை யூனியன் ஸ்ரேஷனில் நின்று போனில் பார்த்தேன். நீங்கள் கடைசிப் பந்துவரை தனியே இருந்தீர்கள்.

மன்னியுங்கள் அத்தான். ஏழு ரன் முன்னால் நின்றதைக் கைவிட்டவர்கள்மேல் வந்த கோபம் அது, பக்கத்தில் அகப்பட்டவர் நீங்கள். ஆனால் சொன்னது முழுப்பொய்யும் இல்லை. ஒரு வார்த்தை சொல்லாமல் கல்கரிக்குப் போனது நானா? அந்த மாரி முழுக்க அக்காவின் வாசலில் பனி வழித்தது நான்.

1993இல் ஸ்காபரோ பேஸ்மென்ற்றில், கார்ட்டர் அடித்த பந்து சுவரைத் தாண்டி புளூ ஜேய்ஸ் வேர்ல்ட் சீரிஸை வென்றதும் எட்டு வயதுப் பெடியனான என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு, காலில் செருப்புக்கூட இல்லாமல் தெருவுக்கு ஓடினீர்களே. இந்த அணியை எனக்குத் தந்தது நீங்கள்தான். அதனால்தான் இவர்கள் தோற்கிற ஒவ்வொரு இரவும் உங்கள்மேலும் கோபம் வருகிறது, நியாயமில்லை என்று தெரிந்தும் வருகிறது.

குவெரோவின் ஒப்பந்தமும் அடுத்த வருடத்தோடு முடிகிறது. அவனையும் விட்டார்கள் என்றால் அந்தப் பக்கமே போகமாட்டேன்.

சீசன் ரிக்கெற் இனி வேண்டாம். ஏப்ரலில் நீங்கள் வருவதென்றால் மட்டும் சொல்லுங்கள், ஒரு ஆட்டத்துக்கு இரண்டு எடுக்கிறேன். கச்சான் நான் வறுத்துக்கொண்டு வருகிறேன்.