புது விமானத்தை முதல் தடவை பறக்கவிடுமுன்

நண்பர்களே, ஞாயிறு காலை புது ரிமோட் கன்ட்ரோல் மாடல் விமானம் கொண்டுவருபவர்கள் கவனத்துக்கு. சொல்வது ஒரு மீட்டர் அளவு இறக்கை, 3 செல் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி உள்ள பயிற்சி விமானங்களுக்கு.

மேஜை வேலை முடியும்வரை புரொபெல்லரைக் கழற்றியே வையுங்கள். மோட்டார் எதிர்த்திசையில் சுற்றினால் அதன் மூன்று வயர்களில் ஏதாவது இரண்டை மாற்றிச் சொருகினால் போதும். பேட்டரி வயரை மட்டும் மாற்றிவிடாதீர்கள், ஈஎஸ்சி (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் சர்க்யூட்) புகைந்துவிடும்.

எடைச் சமநிலைக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். பேட்டரியைப் பொருத்தியபின், மேனுவல் சொல்லும் இடத்தில் இறக்கையை இரு விரலால் தாங்குங்கள். மேனுவல் இல்லையா? முன்விளிம்பிலிருந்து இறக்கையின் முன்-பின் அகலத்தில் 25 முதல் 30 சதவீதம். மூக்கு லேசாகத் தாழ்ந்தால் பரவாயில்லை. வால் கனத்தால், எலிவேட்டரை (மூக்கை ஏற்றி இறக்கும் வால் பலகை) தொட்டதுமே மூக்கு தூக்கி ஸ்டால் ஆகும், அதாவது இறக்கை தாங்காமல் விமானம் விழும். மூக்கில் ஈய எடை ஒட்டுமுன் பேட்டரியை முன்னே நகர்த்திப் பாருங்கள். சும்மா எடை கூட்டுவானேன்.

அடுத்து, விமானத்தின் பின்னால் நின்றுகொண்டு ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளுங்கள்: வலது எய்லரான் (இறக்கையின் பின்விளிம்பில் அசையும் பலகை) மேலே எழ வேண்டும். உங்கள் பக்கம் இழுத்தால் எலிவேட்டர் மேலே. சர்வோ (இந்தப் பலகைகளை அசைக்கும் சிறு மோட்டார்) அசைகிறதே என்று விட்டுவிடாதீர்கள், திசையைப் பாருங்கள். எக்ஸ்போ (ஸ்டிக்கின் நடுப்பகுதி அசைவை மென்மையாக்கும் அமைப்பு) 30 சதவீதம் வைத்தால் கை நடுங்கினாலும் சமாளிக்கலாம்.

திராட்டிலை (மோட்டார் வேக ஸ்டிக்) பாதியில் வைத்து டிரான்ஸ்மிட்டரை, அதாவது கையிலுள்ள ரிமோட்டை, அணையுங்கள். மோட்டார் நிற்கவில்லையென்றால் ஃபெயில்சேஃப் (சிக்னல் போனால் மோட்டாரை நிறுத்தும் பாதுகாப்பு) சரியில்லை, பறக்கவிடக் கூடாது.

புரொபெல்லரை மாட்டும்போது எண் அச்சிட்ட பக்கம் முன்னோக்கி இருக்கட்டும். பேட்டரி முழு சார்ஜ் 12.6 வோல்ட், டைமர் 5 நிமிடம். இறங்கியதும் செல்லுக்கு 3.7 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் டைமரைக் குறையுங்கள். காற்று மணிக்கு 10 கிலோமீட்டரைத் தாண்டினால் அன்றைக்கு வேண்டாம்.